இரண்டு பெட்டி போட்டால் போதுமா?

2012 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்தது. ரிசர்வ் வங்கி சொன்ன காரணம் எளிமையானது. சிலர் காசோலையை வங்கியில் போடாமல், ஆறு மாதமும் ரொக்கம் போலவே கைமாற்றிப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஆயுளைப் பாதியாக வெட்டினார்கள்.

வணிகவியல் படிக்கும் எவருக்கும் இதன் தத்துவம் உடனே புரியும். கையில் வைத்திருப்பவருக்கே பணம் என்று ஒரு தாள் இருந்தால், அது ஆபத்தான தாள். அதில் தேதி வேண்டும், தொகை வேண்டும், பெயர் வேண்டும். முடிந்தால் மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்றும் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் தொலைந்தாலும் தூக்கம் வரும்.

இனி வேறொரு காசோலையை நினைத்துப் பாருங்கள். தேதி இல்லை, தொகை இல்லை, பெயர் இல்லை. கையெழுத்து மட்டும் இருக்கிறது. மூன்று மாதம் அல்ல, முப்பது வருடம் ஆனாலும் யாராவது ரத்து செய்யும் வரை செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். அதை ஜெராக்ஸ் எடுத்தால் ஜெராக்ஸும் செல்லும்!

இப்படி ஒரு காசோலையை எந்த முட்டாள் எழுதுவான் என்று கேட்கத் தோன்றும். கணினித் துறையின் மிகச் சிறந்த மூளைகள் தினமும் எழுதுகின்றன. அதன் பெயர் 'ஆக்சஸ் கீ'. அதை எழுதச் சொல்லிக் கேட்பவை, உலகமே பாராட்டும் திறமூலத் தானியங்கிக் கருவிகள்.

எந்தக் கருவிகள்?

நூறு சர்வர்களில் ஒரே வேலையை ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்யாமல், செய்ய வேண்டியதை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் தானே செய்து முடிக்கும் மென்பொருள்கள் இவை. 2012-ல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட அன்சிபிள், 2015-ல் ரெட் ஹேட் நிறுவனத்தின் கைக்குப் போனது. டெர்ராஃபார்ம் 2014-ல் வந்தது. 2023-ல் ஹாஷிகார்ப் அதன் உரிமத்தை மாற்றியதும், திறமூலமாகவே தொடர வேண்டும் என்று பிரிந்து வந்தது ஓப்பன்டோஃபு. ஹட்சன் என்ற பெயரில் தொடங்கி 2011-ல் பெயர் மாறிய ஜென்கின்ஸ் இன்னொன்று. இவை தவிர, ஓரிரு தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் எழுதும் சின்னச் சின்னக் கருவிகள் எத்தனையோ.

இப்படி ஒரு கருவி பிரபலமாகத் தொடங்கியதும் பயனர்கள் முதலில் கேட்பது, "அமேசான் கிளவுட் சப்போர்ட் உண்டா? அஷ்யூர் உண்டா? கூகிள் உண்டா?" உடனே ஒரு நல்ல மனிதர் நிரல் எழுதி அனுப்புகிறார். கோப்பில் இரண்டு புதிய இடங்கள் வருகின்றன. ஒன்றில் கீயின் அடையாள எண்ணைப் போட வேண்டும், இன்னொன்றில் ரகசியத்தைப் போட வேண்டும். கருவி அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் கிளவுடின் கதவைத் தட்டுகிறது. கதவு திறக்கிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். அடுத்த வெளியீட்டின் குறிப்பில் 'கிளவுட் லாகின் வசதி சேர்க்கப்பட்டது' என்று ஒரு வரி ஏறுகிறது.

இது லாகின் வசதியே அல்ல. அடுத்தவர் வீட்டுச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் வசதி. இந்த இரண்டு பெட்டிகளைக் கிளவுட் ஆதரவு என்று அழைப்பதை நிறுத்தாத வரை, சாவி திருடு போகும் கதைகளும் நிற்கப் போவதில்லை.

சாவி என்றால் என்ன?

அமேசானின் நீண்டகால ஆக்சஸ் கீ இரண்டு துண்டுகள் கொண்டது. 20 எழுத்தில் ஒரு அடையாளம், 40 எழுத்தில் ஒரு ரகசியம். அடையாளம் 'ஏ.கே.ஐ.ஏ' என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். இதை வைத்திருப்பவர் யார், எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார், எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்று சாவிக்குத் தெரியாது. தனியாக ஒரு விதி எழுதித் தடுக்காத வரை கிளவுடும் கேட்காது. அந்தக் கணக்குக்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ அவ்வளவும் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும். காலாவதி தேதி கிடையாது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. அதுவும் பழையது. காசோலையின் ஆயுள் குறைந்த அதே 2012-ல், ஜூன் மாதம், அமேசான் தன் சர்வர்களுக்கு 'ரோல்' என்ற வசதியைக் கொடுத்தது. சர்வருக்கு ஒரு பொறுப்பை ஒதுக்கிவிட்டால், அதன் மேல் ஓடும் நிரல் தேவைப்படும்போது ஒரு தற்காலிகச் சாவியைத் தானே வாங்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் அது செத்துப்போகும், புதிது வரும். யாரும் எதையும் எந்தக் கோப்பிலும் எழுத வேண்டாம்.

இங்கேதான் இரண்டு பெட்டியின் உண்மையான குற்றம் வெளிப்படுகிறது. தற்காலிகச் சாவிக்கு இரண்டு துண்டு அல்ல, மூன்று துண்டு! அடையாளம், ரகசியம், கூடவே 'செஷன் டோக்கன்'. மூன்றும் சேர்ந்து போனால்தான் கதவு திறக்கும். இரண்டு பெட்டி மட்டும் வைத்த கருவியில் மூன்றாவதைப் போட இடமே இல்லை. ஆகவே, பொறுப்பாக நடந்துகொள்ள விரும்பும் பயனரையும் அந்தக் கருவி காலாவதியில்லாச் சாவியை நோக்கியே தள்ளுகிறது. அது வெறும் வசதிக்குறைவு அல்ல. தவறைக் கட்டாயமாக்கும் வடிவமைப்பு.

ஒரே பள்ளம், இரண்டு முறை

"இதெல்லாம் பயம் காட்டும் பேச்சு" என்பவர்கள் ஊபர் நிறுவனத்தின் கதையைப் படிக்க வேண்டும். அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி-யின் பொது ஆவணங்களிலேயே இருக்கிறது.

2014-ல் ஊபரின் பொறியாளர் ஒருவர் ஒரு ஆக்சஸ் கீயை கிட்ஹப் தளத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டார். அது முழு நிர்வாக அதிகாரம் கொண்ட சாவி. யாரோ எடுத்தார்கள். ஓட்டுநர்களின் பெயர்களும் உரிம எண்களும் போயின. சரி, ஒருமுறை தவறு நடக்கும் என்று விடலாம். 2016-ல் மறுபடியும்! இந்த முறை கிட்ஹபில் பூட்டி வைத்திருந்த தனிக் களஞ்சியம்தான். ஆனால் உள்ளே நுழைந்தவர்களுக்கு அங்கேயும் ஒரு சாவி கிடைத்தது. 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் அள்ளப்பட்டன. நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயை அடைத்தது. 2017 நவம்பரில்தான் உலகுக்குத் தெரிந்தது. 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. மூடி மறைத்ததற்காக அதன் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இரண்டு சம்பவத்துக்கும் பொதுவானது என்ன? திருடர்களின் திறமை அல்ல. எழுதி வைக்கக்கூடிய ஒரு சாவி இருந்தது. எழுதி வைக்க முடியும் என்றால் யாராவது ஒருவர் எழுதி வைப்பார். இது மனித சுபாவம். கணக்குப்பதிவியலில் உள்கட்டுப்பாடு என்று ஒரு பாடம் இருப்பதே இந்தச் சுபாவத்துக்காகத்தான். காசாளர் நேர்மையானவர் என்று நம்பி யாரும் பெட்டியைத் திறந்து வைப்பதில்லை.

பெரிய நிறுவனம் பணம் கொடுத்துத் தப்பிக்கும். சின்ன நிறுவனம்? 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவர் நுழைந்தார். பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்க முயன்றதும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். தகவல்கள் போயின, அவற்றின் நகல்களும் பெரும்பாலும் போயின. சுமார் 12 மணி நேரம். அவ்வளவுதான், நிறுவனமே மூடப்பட்டது. ஒரே இடத்தில் நுழைந்தால் எல்லாவற்றையும் தொட முடியும் என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

"கோப்பில் எழுதாதே, சூழல் மாறியில் வை"

இதுதான் அடுத்த சமாதானம். சாவியைக் கோப்பில் எழுதினால்தானே களஞ்சியத்துக்குள் போகும்? என்விரான்மென்ட் வேரியபிள் என்ற சூழல் மாறியில் வைத்துவிட்டால் பத்திரம் என்கிறார்கள்.

2021-ல் கோட்கவ் என்ன ஆனது? நிரல்களின் சோதனை அளவைக் கணக்கிடும் சேவை அது. பல்லாயிரம் நிறுவனங்களின் தானியங்கி ஓட்டங்களுக்குள் அதன் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கிரிப்டை யாரோ ஜனவரி 31 முதல் மாற்றி வைத்துவிட்டார்கள். சேர்த்தது ஒரே வரி. அது செய்த வேலை, சூழல் மாறிகளை எல்லாம் அள்ளித் திருடரின் சர்வருக்கு அனுப்புவது! ஏப்ரல் 1 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். இரண்டு மாதம். 'பத்திரமான இடம்' என்று சொன்ன அதே இடம்தான் திருடரின் முதல் இலக்கு.

"சரி, தானியங்கி சேவை நிறுவனமே மறைகுறியாக்கிப் பூட்டி வைத்தால்?" அதற்கும் பதில் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ நிறுவனப் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்தது. அவர் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருந்த அமர்வே திருடப்பட்டதால், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் பயன்படவில்லை. 2023 ஜனவரி 4 அன்று நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் சொன்ன செய்தி, "எங்களிடம் வைத்திருக்கும் ரகசியங்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்." புத்தாண்டு விடுமுறையிலிருந்து திரும்பிய பொறியாளர்கள் எத்தனை சாவி, எங்கெங்கே, எதற்காக என்று தேடித் தேடி மாற்றினார்கள்.

சாவியை எங்கே வைப்பது என்பது தவறான கேள்வி. சாவி ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் உண்மையான ஆதரவு எது?

கிட்ஹப் 2021-ல் தன் ஆக்ஷன்ஸ் சேவையில் ஓ.ஐ.டி.சி என்ற முறையைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அது வேலை செய்யும் விதம் அழகானது. ஒவ்வொரு ஓட்டத்தின்போதும் கிட்ஹப் ஒரு சீட்டுக் கொடுக்கிறது. "இந்த ஓட்டம் இன்ன களஞ்சியத்தின் இன்ன கிளையிலிருந்து வருகிறது" என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறது. கிளவுட் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. தன்னிடம் உள்ள விதியுடன் பொருந்தினால் தற்காலிகச் சாவி ஒன்றைத் தருகிறது. அமேசானில் குறைந்தது 15 நிமிடம், வழக்கமாக ஒரு மணி நேரம் அதன் ஆயுள். வேலை முடிந்தது, சாவியும் முடிந்தது. எங்கேயும் எதுவும் சேமிக்கப்படவில்லை. திருடவும் எதுவும் காத்திருக்கவில்லை.

பெயர் எழுதி, தேதி போட்டு, கோடு கிழித்த காசோலை இதுதான். அஷ்யூரிலும் கூகிளிலும் இதே வகை வசதி உண்டு. ஆகவே ஒரு திறமூலக் கருவி 'கிளவுட் ஆதரவு' என்று மார்தட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை நான்கு.

1. சாவியைத் தானே கேட்கக் கூடாது. கிளவுட் நிறுவனங்களின் அதிகாரப்பூர்வ லைப்ரரிகள் எல்லாவற்றிலும் ஒரு தேடும் வரிசை இருக்கிறது. சூழல் மாறியைப் பார்க்கும், பயனரின் கோப்பைப் பார்க்கும், கடைசியில் சர்வரின் ரோல் வரை போய்த் தேடும். அமேசானுக்கான பைத்தான் லைப்ரரியான போட்டோ3 இதைத்தான் செய்கிறது. கருவி செய்ய வேண்டியது, குறுக்கே நிற்காமல் இருப்பது மட்டுமே.

2. தற்காலிகச் சாவியை முதல் தர விருந்தாளியாக நடத்த வேண்டும். மூன்றாவது துண்டுக்கு இடம் வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை சாவியை நகல் எடுத்து வைத்துக்கொண்டால், நீண்ட வேலை பாதியில் செத்துப்போகும். லைப்ரரியிடமே விட்டால் அது புதுப்பித்துக்கொள்ளும்.

3. லாகில் எதுவும் விழக் கூடாது. அன்சிபிளில் ஒரு அளவுருவை 'நோ லாக்' என்று குறிக்கும் வசதி உண்டு. குறிக்க மறந்தால் ரகசியம் திரையில் பளிச்சென்று வரும்.

4. ஆவணத்தின் முதல் உதாரணத்தில் சாவி இருக்கவே கூடாது. புதியவர் முதல் உதாரணத்தைத்தான் நகல் எடுப்பார். கீழே சின்ன எழுத்தில் வரும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட எவரைக் கேட்டாலும் சொல்வார்!

அவசரமாகச் சேர்த்த இரண்டு பெட்டி பிற்காலத்தில் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அன்சிபிளின் அமேசான் தொகுப்பே சாட்சி. அங்கே ஒரே ரகசியத்துக்கு மூன்று நான்கு மாற்றுப் பெயர்கள். செஷன் டோக்கனுக்கும் அப்படியே, 'செக்யூரிட்டி டோக்கன்' என்று ஒரு பழைய பெயர். பெயரை மாற்றினால் எவருடைய கோப்போ உடைந்துவிடும் என்பதால் பழையதும் கூடவே வந்துகொண்டிருந்தது. முதல் நாள் போட்ட பெட்டி பத்து வருடம் ஆனாலும் போகாது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது. "பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. மூன்று கிளவுடிலும் கணக்கு வைத்துச் சோதிக்கக் காசு யார் கொடுப்பது?" நியாயமான கேள்வி. ஆனால் முதல் விதியைக் கவனிக்க வேண்டும். அதிகாரப்பூர்வ லைப்ரரியிடம் விட்டுவிடுவது வேலையைக் குறைக்கிறது, கூட்டவில்லை. 2019 நவம்பரில் அமேசான் தன் சர்வர்களில் தற்காலிகச் சாவி வாங்கும் வழிக்கு ஒரு புதிய, பாதுகாப்பான பதிப்பைக் கொண்டுவந்தது. லைப்ரரியை நம்பிய கருவிகளுக்கு அது ஒரு பதிப்பு உயர்வு. தானே கையால் எழுதிய கருவிகளுக்கு மறுபடியும் எழுதும் வேலை. சோம்பேறித்தனமும் பாதுகாப்பும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது! சோதனைச் செலவை ஏற்க வேண்டியவர்கள் கிளவுட் நிறுவனங்களே. இந்தக் கருவிகள் ஓட ஓட மீட்டர் ஓடுவது அவர்களுக்குத்தானே?

இரண்டாவது எதிர்வாதம், "தற்காலிகச் சாவியும் திருடு போகிறதே!" உண்மை. 2019-ல் கேபிடல் ஒன் வங்கியில் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் தகவல் போனது. போன வழி சர்வரின் ரோல் கொடுத்த தற்காலிகச் சாவிதான். அந்த ரோலுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் இருந்தது. 2025 மார்ச்சில் 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு கிட்ஹப் ஆக்ஷன் மாற்றப்பட்டு, ரகசியங்களை லாகில் கொட்டியது. ஓ.ஐ.டி.சி விதியைக் களஞ்சியத்தின் பெயர் குறிப்பிடாமல் அசட்டையாக எழுதினால், கிட்ஹபில் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இவை நிரூபிப்பது என்ன? மூன்று மாதக் காசோலையிலும் மோசடி நடக்கிறது என்பதற்காக ஆயுளை முடிவில்லாமல் ஆக்கிவிடலாமா? லாகில் விழுந்த ஒரு மணி நேரச் சாவி, மறுநாள் காலையில் அதைக் கண்டெடுப்பவருக்கு வெறும் எழுத்துக் குவியல். காலாவதியில்லாச் சாவி அடுத்த வருடமும் பணம் எடுக்கும். இந்த வித்தியாசம் போதும்.

மூன்றாவது எதிர்வாதம் மிக மோசமானது. "பாதுகாப்பு பயனரின் பொறுப்பு. நாங்கள் கருவி மட்டுமே." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூகிள், 2024 மே முதல் தொடங்கும் புதிய நிறுவனக் கணக்குகளில் சேவைக் கணக்குச் சாவி உருவாக்குவதையே இயல்பாகத் தடுத்துவிட்டது. அமேசான், தன் சாவி கிட்ஹபில் வெளியானது தெரிந்தால் அதன் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றைத் தானே ஒட்டிவிடுகிறது. சாவியைச் செய்து விற்பவர்களே அதை நம்பவில்லை! இடையில் நிற்கும் கருவி மட்டும் ஏன் இன்னும் கை நீட்டிக் கேட்கிறது?

முடிவாக...

திறமூல மென்பொருளின் பெருமை, யார் வேண்டுமானாலும் ஒரு வசதியைச் சேர்க்கலாம் என்பது. அதன் பலவீனமும் அதுவே. சேர்த்தவர் போய்விடுவார், பெட்டி இருக்கும். ஆகவே இரண்டு பெட்டியுடன் அடுத்த நிரல் வரும்போது, பராமரிப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "இதில் காலாவதியாகும் சாவியைப் போட முடியுமா?" முடியாது என்றால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒரு வெளியீடு தாமதமானால் யாரும் சாகப்போவதில்லை.

ரிசர்வ் வங்கி காசோலையின் ஆயுளைக் குறைத்தபோது மக்களின் நேர்மையைச் சோதிக்கவில்லை. தாளை மாற்றியது. கருவிகள் செய்ய வேண்டியதும் அதுதான். மனிதர்கள் மாற மாட்டார்கள், தாளை மாற்றுங்கள்!